சென்னையில வசதி இருக்குன்னு மனுவ மூடுனவங்களுக்கு டெல்டாவுலேர்ந்து ஒரு திறந்த மடல்

சுகாதாரத்துறைய நடத்துற அதிகாரிகளுக்கும், காவிரி டெல்டா மாவட்டங்கள்லேர்ந்து நாங்க ஓட்டுப் போட்டு அனுப்புன எம்எல்ஏ, எம்பிக்களுக்கும்,

நான் போட்ட மனுவுக்கு பதில் வந்துருச்சு. ரெண்டே வரி. மனுதாரர் கோரும் சிகிச்சை வசதி சென்னையில் உள்ளது, மனு முடித்து வைக்கப்படுகிறது. அவ்வளவுதான். எந்த ஆபீஸ்லேர்ந்து வந்துச்சு, யாரு கையெழுத்துன்னு இங்க எழுதப்போறதில்ல, அந்த ஒரு ஆளு மேல எனக்கு கோவம் கெடையாது, கோவமெல்லாம் அந்த ரெண்டு வரி மேலதான். ஏன்னா சென்னையில வசதி இருக்கான்னு நான் கேக்கவே இல்ல. இருக்குன்னு எனக்கே தெரியும், அங்க ஐசியூ வாசல்ல துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்தவ நான். நான் கேட்டது வேற. கல்லீரல் திடீர்னு நின்னுபோன ஒருத்தர மன்னார்குடியிலேர்ந்தோ வேதாரண்யத்துலேர்ந்தோ பேராவூரணியிலேர்ந்தோ அந்த சென்னை வரைக்கும் உயிரோட கொண்டுபோயி சேக்குறதுக்கு என்னா ஏற்பாடு வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். அதுக்கு பதிலே இல்ல. அதனாலதான் இப்ப எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

என் தம்பி அறுவடை மிஷின் ஓட்டுறவன். சம்பா அறுப்பு சீசன்ல ராத்திரி பகல் பாக்காம வயல்லயே கெடப்பான். அறுப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல காய்ச்சல், வாந்தி, சோத்தப் பாத்தாலே கொமட்டுதுன்னான். கிளினிக்ல ஊசி போட்டாங்க, மாத்திர குடுத்தாங்க. அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. மஞ்சக்காமாலதான, உப்பில்லாம மோர்சோறு சாப்டா சரியாப்போயிரும்னு ஊரே சொன்னுச்சு, அப்பாயி கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துச்சு. பெரும்பாலானவங்களுக்கு அப்படியே சரியாவும் போவுது, எங்க தெருவுலயே அந்த மாசம் ரெண்டு மூணு புள்ளைங்களுக்கு வந்து தானா தேறிருச்சுங்க.

இவனுக்குத் தேறல. ஒரு நாள் ராத்திரி பூரா தூங்காம ஒக்காந்திருந்தான், விடிஞ்சப்புறம் எழுப்புனா எழுந்திரிக்கல. பெத்த மவள என் பேரச் சொல்லிக் கூப்புடுறான். படுத்துக்கிட்டே கையால கியர் போடுறான். தம்பி பொண்டாட்டி பயந்துபோயி எனக்கு போன் பண்ணுச்சு, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம். அங்க கேட்ட மொத கேள்வி, எத்தன வருஷமா குடிக்கிறாரு? அவன் குடிக்கவே மாட்டான் சார்னு சொல்றோம். எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றீங்க, உண்மையச் சொன்னாத்தான் வைத்தியம் பாக்கமுடியும்ங்கிறாரு. பேச்சு கொழறுது, நடை தள்ளாடுது, அதனால வராண்டாவுல நிக்கிறவன் வரைக்கும் இவன குடிகாரன்னே முடிவு பண்ணிட்டான். எங்க ஊர்ப்பக்கம் கல்லீரல்னு சொன்னாலே குடிதான் ஞாவகம் வருது, அதுல டாக்டர் வேற பாமரன் வேறன்னு இல்லைங்கிறத அன்னைக்கித்தான் பாத்தேன். அது போதை இல்ல, கல்லீரல் வேல செய்யாததால ரத்தத்துல அம்மோனியா ஏறி மூளைய அடிக்குதுன்னு அங்க சந்தேகப்பட்டது ஒரே ஒரு ஆளு. ஹவுஸ் சர்ஜன் பொண்ணு, அதான் பயிற்சி டாக்டர். சின்னப்பொண்ணு, எங்க வீட்டுப் புள்ளைங்க வயசுதான் இருக்கும். அவன கைய முன்னாடி நீட்டிப் புடிக்கச் சொல்லுச்சு, கை நிக்கமாட்டேங்குது, மணிக்கட்டுலேர்ந்து கோழி றெக்க அடிக்கிற மாதிரி அடிச்சுக்குது. அந்தப் பொண்ணு மூஞ்சி மாறிப்போச்சு. உடனே பெரிய டாக்டருக்கு போன் போட்டு ஐஎன்ஆர் பாக்கணும் சார்னுச்சு.

ஐஎன்ஆர்னா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் புடிக்குதுன்னு பாக்குற டெஸ்ட்டு. சாதாரணமா 1க்கு பக்கத்துல இருக்கும். முன்னாடி கல்லீரல் வியாதியே இல்லாத ஒருத்தருக்கு நோய் ஆரம்பிச்ச 26 வாரத்துக்குள்ள ஐஎன்ஆர் 1.5 இல்ல அதுக்கு மேல போயி, கூடவே புத்தித் தடுமாற்றமும் வந்துச்சுன்னா அதுதான் அக்யூட் லிவர் ஃபெயிலியர். 26 வாரம்னு கணக்கு வச்சிருக்காங்களே தவிர பல பேருக்கு ஒரு வாரத்துக்குள்ளயே எல்லாம் நடந்துருது. வருஷக்கணக்குல குடிச்சு கல்லீரல் சுருங்குற வியாதி வேற, இது வேற. நேத்து வரைக்கும் மிஷின் ஓட்டுனவன் இன்னைக்கி கோமாவுல போறான். இதுக்கு ரெண்டே வழிதான் இருக்கு, ஒன்னு கல்லீரல் தானா முழிச்சுக்கணும், இல்லாட்டி வேற கல்லீரல் வைக்கணும். எந்த வழியில பொழைக்கிறதா இருந்தாலும் நடுவுல இருக்குற நாளுங்கள்ல ஆளு சாவாம இருக்கணும். மூளை வீங்கக்கூடாது, சர்க்கரை எறங்கக்கூடாது, கிருமி தொத்தக்கூடாது, கிட்னி நிக்கக்கூடாது. அந்த நடுவுல இருக்குற நாளுங்களப் பத்தித்தான் என் மனுவே.

அந்த நாளுங்க எங்களுக்கு எப்படிப் போச்சுன்னு கேளுங்க. கையில ஒரு சீட்டு குடுத்தாங்க, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்னு. எங்க போவணும், யாரப் பாக்கணும், அங்க பெட் இருக்கா, போன் பண்ணிச் சொல்லியாச்சா, ஒன்னும் இல்ல. அடுத்த எடத்துக்குப் போனா சீட்ட வாங்கி ஓரமா வச்சிட்டு திரும்பவும் அதே ரத்தம் எடுத்து அதே டெஸ்ட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒக்காருங்க. ஒரு எடத்துல அவன் கட்டில்ல அடங்கலன்னு தூக்க ஊசி போட்டாங்க. புத்தி தடுமாறுதா தூக்கத்துல இருக்கானான்னே அப்புறம் யாருக்கும் தெரியல, பாதி நாள் அதுலயே போச்சு. இன்னொரு எடத்துல ரத்தக்கசிவு எதுவும் இல்லாதப்பவே பிளாஸ்மா, அதான் ரத்தத்துல இருக்குற தண்ணிப் பகுதி, அத ஏத்துனாங்க. நல்லதுக்குத்தான் பண்ணிருப்பாங்க, நான் இல்லைங்கல. ஆனா அப்படி ஏத்திட்டா ஐஎன்ஆர் நம்பர் கொறஞ்சமாதிரி காட்டும், கல்லீரல் தேறுதா மோசமாவுதான்னு கணக்கு தப்பிப்போயிரும்னு சென்னையில டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. மாற்று வைக்கணுமா வேணாமான்னு முடிவெடுக்குறதே அந்த நம்பர வச்சுத்தானாம். 1989ல லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டருங்க வகுத்த அளவுகோல இன்னைக்கும் பாக்குறாங்க, அதுலயும் ரத்தம் உறையுற கணக்குதான் முக்கியமா இருக்கு. இத்தன வருஷமா ஒலகத்துக்கே தெரிஞ்ச விஷயம் ஒரு பக்கத் தாள்ல அச்சடிச்சு எங்க தாலுக்கா ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டுறதுக்கு எவ்வளவு செலவாவும் சொல்லுங்க.

ஆம்புலன்ஸ் கதை தனி. 108 வண்டி 2008லேர்ந்து ஓடுது, அத நான் கொறயே சொல்லமாட்டேன், எங்க ஊர்ல அதுல பொறந்த புள்ளைங்களே இருக்கு. ஆனா ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா அந்தப் பக்கம் பெட் உறுதியா இருக்கணும்னாங்க, அந்தப் பக்கம் உறுதி சொல்ல ஆள் இல்ல. கடைசியில தனியார் வண்டி. வெண்டிலேட்டர் இருக்கு மேடம்னான், ஏறிப் பாத்தா மிஷின் இருக்கு, ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்ல. இதுக்கு வாடகைய நான் சொல்லல, நகைக்கடன் வச்ச எல்லாருக்கும் தெரியும். அந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு கெளம்புறப்ப ஒரு தாள்ல கையால எழுதிக் குடுத்துச்சு. தலைமாட்ட 30 டிகிரி தூக்கி வைங்க, தூக்க மருந்து குடுக்க விடாதீங்க, மணிக்கு ஒருதடவ சுகர் பாருங்க. சுகர் வியாதியே இல்லாதவனுக்கு எதுக்கு சுகர்னு கேட்டேன். சாப்பிடாத நேரத்துல ரத்தத்துக்கு சர்க்கரை குடுக்குறதே கல்லீரல்தான்க்கா, அது நின்னுட்டா தடால்னு எறங்கிரும், ஏற்கனவே மயக்கத்துல இருக்குறதால உங்களுக்கு வெளியில தெரியாதுன்னு சொல்லுச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்ல சுகர் பாக்குற மிஷின் ஒன்னும், ரத்தத்துல ஏத்துற சர்க்கரைத் தண்ணி, டெக்ஸ்ட்ரோஸும்பாங்க, அதுவும் வாங்கிக்கிட்டு ஏறுனோம். கும்பகோணம், அணைக்கரை, சேத்தியாத்தோப்பு. அந்த ரோடு வருஷக்கணக்கா வேல நடந்த அழகுதான் டெல்டாக்காரங்க அத்தன பேருக்கும் தெரியுமே, பள்ளத்துல வண்டி எறங்குறப்பல்லாம் அவன் தலைய நான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்தேன். பண்ருட்டி தாண்டுறதுக்குள்ள சுகர் தடால்னு 48க்கு எறங்கிருச்சு. வண்டிக்காரனோட வந்த பையன் நடுங்கிக்கிட்டே டெக்ஸ்ட்ரோஸ் ஏத்துனான். அந்தத் தாள் எங்க கையில இல்லேன்னா என் தம்பி அந்த ரோட்டுலயே போயிருப்பான், தூங்குறான்னு நெனச்சு நாங்களும் விக்கிரவாண்டியில டீ குடிச்சிருப்போம்.

சென்னையில போயி சேந்தப்புறம் வைத்தியத்துல ஒரு கொறையும் சொல்லமாட்டேன். வெண்டிலேட்டர், டயாலிசிஸ், அப்புறம் பிளாஸ்மா மாத்துறது. ஒடம்புலேர்ந்து கெட்டுப்போன பிளாஸ்மாவ எடுத்துட்டு வேற ஆளுங்க குடுத்த பிளாஸ்மாவ ஏத்துறாங்க. 2016ல ஐரோப்பாவுல பண்ணுன ஆய்வுல இப்படி மாத்துனதால மாற்று அறுவை இல்லாமயே பொழச்சவங்க கூடுனாங்கன்னு வந்திருக்கு, நம்ம வேலூர் சிஎம்சி டாக்டருங்களும் கம்மி அளவுல மாத்துனாலே பலன் இருக்குன்னு எழுதியிருக்காங்க, செலவும் மாற்று அறுவைய விட எவ்வளவோ கம்மி. ஆனா ஒவ்வொரு தடவைக்கும் பை பையா பிளாஸ்மா வேணும், எடுக்குறதுக்கு ஈடா ரத்தம் குடுக்க ஆள் கொண்டாங்கன்னாங்க. சென்னையில எங்களுக்கு யாரு இருக்கா? ஊர்ப் பசங்க வாட்ஸாப் குரூப்புல போட்டு, வேளச்சேரியில சாப்பாடு டெலிவரி பண்றவன், அம்பத்தூர்ல லேத்துல நிக்கிறவன், கிண்டியில செக்யூரிட்டியா இருக்குறவன்னு நம்ம பக்கத்துப் புள்ளைங்க ஷிஃப்ட்ட விட்டுட்டு வந்து நின்னானுங்க. டெல்டாவுல வெவசாயம் படுத்து அவனுங்க சென்னைக்குப் போனதுல எங்களுக்குக் கெடச்ச ஒரே லாபம் அதுதான்.

இன்னொரு பக்கம் மாற்றுக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னாங்க. அவசரப் பட்டியல்ல பேரு பதிஞ்சாங்க, மூளைச்சாவு அடைஞ்சவங்க கல்லீரல் கெடச்சா இந்த மாதிரி ஆளுங்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனா கெடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது, சொந்தத்துல யாராவது பாதிக் கல்லீரல் குடுக்க முடியுமான்னும் பாக்கணும். குடுத்தவங்களுக்கு திரும்ப வளந்துரும்னு சொன்னாங்க. நான் மொத ஆளா போயி நின்னேன். ஸ்கேன் எடுத்தாங்க, கொழுப்பு படிஞ்சிருக்கு, ஒத்துவராதுன்னு தள்ளிட்டாங்க. மூணு வேளையும் சோறு தின்னு வளந்த ஒடம்பு. தம்பி பொண்டாட்டிக்கு ரத்த குரூப் சேரல, அது தெரியுறதுக்கு முன்னாடியே அதுகிட்ட கல்யாண சர்ட்டிபிகேட் கேட்டாங்க. கோயில்ல நடந்த கல்யாணம், பதியல. 2009 சட்டப்படி கல்யாணத்தப் பதியணும்னு இருக்கு, எங்க பக்கம் எத்தன பேரு பதிஞ்சிருக்கான்னு நீங்களே கணக்கு எடுத்துப் பாருங்க. எனக்கோ ஆதார்ல வீட்டுக்காரர் பேரு, ரேஷன் கார்டு வேற ஊரு, நான் அவன் கூடப்பொறந்தவன்னு நிரூபிக்க பள்ளிக்கூடத்து டிசியத் தேடி மாமா ஊருக்கு ஓடுனாரு. அன்னைக்கி சனிக்கெழம. விஏஓ இல்ல, தாசில்தார் ஆபீஸ் பூட்டு, இ-சேவை மையமும் பூட்டு. கல்லீரலுக்கு சனி ஞாயிறு தெரியுமா?

அப்புறம் எங்க சித்தப்பா மவன் வந்தான். ஒரே குரூப்பு, நல்ல ஒடம்பு, நான் குடுக்குறேன்க்கான்னு பஸ் ஏறி வந்துட்டான். ஆனா 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துல நெருங்குன சொந்தம்னா புருசன் பொண்டாட்டி, பெத்தவங்க, புள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, 2011 திருத்தத்துல தாத்தா பாட்டி பேரப்புள்ளைங்கள சேத்தாங்க. சித்தப்பா மவன் அதுல வரமாட்டான். தானத்துக்கு அனுமதி குடுக்குற அங்கீகாரக் குழு முன்னாடி போயி நிக்கணும், காசுக்காக குடுக்கலன்னு காட்டணும். ஒரே கொல்லையில வெளையாடி ஒரே தட்டுல சாப்டவன், சட்டத்துல வேத்தாளு. சட்டத்த மாத்துங்கன்னு நான் கேக்கல, கிட்னி திருட்டு நடந்த நாட்டுல அந்தக் குழு வேணும்தான். ஆனா நாள் கணக்குல சாவுற வியாதிக்கு அந்தக் குழு மணிக்கணக்குல கூடணும்ல?

காப்பீட்டு கார்டப் பத்தி ஒரே வார்த்த. கலைஞர் காப்பீட்டுலேர்ந்து இன்னைக்கி இருக்குற முதலமைச்சர் காப்பீடு வரைக்கும் எங்க மாதிரி குடும்பத்துக்கு அது பெரிய தொணைதான், மாற்று அறுவைக்கு தனி நிதியே இருக்கு. ஆனா மாற்று நடந்தாத்தான் அந்தப் பெரிய நிதி. மாற்றுக்கு காத்திருக்குற நாள்ல ஐசியூவுக்கும் பிளாஸ்மாவுக்கும் கார்டு வருமா வராதான்னு ஆளுக்கொன்னு சொன்னாங்க, ராத்திரியில சொல்ல ஆளே இல்ல, எங்க மனை ஒன்னு அதுலதான் போச்சு.

என் தம்பி பொழச்சுட்டான். மாற்று இல்லாமலே. ஹெபடைட்டிஸ் ஏ கிருமி, தண்ணியில வர்றது, அதுல கல்லீரல் நின்னவங்களுக்கு தானா திரும்ப வாய்ப்பு கொஞ்சம் கூடவாம், ஐசியூவுல தாக்குப்புடிச்சா. மெதுவா ஐஎன்ஆர் எறங்குச்சு, கண்ணு தொறந்தான், பட்டியல்லேர்ந்து பேர எடுத்தாங்க. இப்ப மிஷின் ஓட்டுறான். அப்ப எதுக்கும்மா இந்தக் கடுதாசின்னு கேப்பீங்க. அவன் பொழச்சது உங்க ஏற்பாட்டுனால இல்ல, அதான். ஒரு ட்யூட்டி மாறியிருந்தா அந்தப் பொண்ணு அங்க இருந்திருக்காது. எங்க வீட்டுல ஒருத்தருக்கு படிக்கத் தெரியும், ஒருத்தருக்கு பேசத் தெரியும், விக்கிறதுக்கு ஒரு மனை இருந்துச்சு. எங்களுக்கு லக்கு அடிச்சுது. பக்கத்து பெட்டுக்கு வந்த வேதாரண்யத்துக்காரருக்கு அடிக்கல. உப்பளத் தொழிலாளி, எங்களவிட லேட்டா வந்தாங்க, வர்றப்பவே மூளை வீங்கியிருந்துச்சு. இந்த நெலமையில மாற்று வச்சாலும் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க. அவரு சம்சாரத்த ஊருக்கு அனுப்ப வண்டி பேசுனதும் எங்க பசங்கதான்.

அங்க இன்னும் ஒரு வகை நோயாளிங்களப் பாத்தேன், சொல்லாம விடமுடியாது. எலி பேஸ்ட் சாப்டவங்க. பெரும்பாலும் சின்ன வயசு, வீட்டுல சண்ட, பரிச்சையில பெயிலு, கடன் தொல்ல, ஒரு நிமிசக் கோவம். அதுல இருக்குற மஞ்ச பாஸ்பரசுக்கு முறிவு மருந்து கெடையாது. தமிழ்நாட்டுல திடீர்னு கல்லீரல் நின்னுபோறதுக்கு முக்கியமான காரணமே இதுதான்னு நம்ம ஊர் டாக்டருங்களே எழுதிட்டாங்க. கொடும என்னான்னா மொத ஒன்னு ரெண்டு நாள் ஆளு நல்லாவே இருப்பாங்க, பேசுவாங்க, சாப்பிடுவாங்க. வயித்தக் கழுவி சரியாப்போச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. அதுக்கப்புறம்தான் கல்லீரல் நிக்கிது, திரும்ப வர்றப்ப நேரம் போயிருது. மனசு மாறி, நான் பொழைக்கணும் டாக்டர்னு சொன்ன ஒரு பொண்ணு கொரல் இன்னும் எனக்குக் கேக்குது. அத விக்கத் தடைங்கிறீங்க, ஆனா நெல்லு வெளையுற ஊர்ல எலி இருக்கத்தான் செய்யும், மளிகக் கடையில சோப்புக்குப் பக்கத்துல அது தொங்குனத நாங்க பாத்தவங்க. தஞ்சாவூர்க் கிட்டி வச்சு எலி புடிச்ச ஊரு இது, மூங்கில்ல செஞ்சு வயல் பூரா வைப்பாங்க, அதுல மனுசன் யாரும் செத்ததில்ல.

உறுப்பு தானத்துல தமிழ்நாடு முன்னாடி நிக்கிறது எனக்கும் பெருமதான். 2008ல திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி மூளைச்சாவு அடைஞ்ச தங்களோட மவன் உறுப்புகளக் குடுத்தத எங்க ஊர் டீக்கடை வரைக்கும் பேசுனாங்க. 2023லேர்ந்து குடுத்தவங்களுக்கு அரசு மரியாதை. 2024ல 268 பேரு குடும்பம் குடுத்திருக்கு. அதுல எங்க பக்கத்துப் புள்ளைங்களும் உண்டு, பைக்குல அடிபட்டு தஞ்சாவூருக்குப் போயி திரும்பி வராதவங்க. உறுப்பு இங்கேர்ந்து போறப்ப மட்டும் ரோட்ட மறிச்சு சிக்னல நிறுத்தி போலீஸ் பாதுகாப்போட நேரத்துக்குப் போயி சேருது. நல்லதுதான், அப்படித்தான் போவணும். அந்த உறுப்பு யாருக்குப் போவுதோ அந்த நோயாளிய அதே வேகத்துல கொண்டு போறதுக்கு ஒரு வண்டி கெடையாதா? 1998ல இந்தியாவுலேயே மொதமொதலா கொழந்தைக்கு கல்லீரல் மாற்று வெற்றியா நடந்துச்சு, அந்தக் கொழந்த நம்ம காஞ்சிபுரத்துப் புள்ள, அப்ப டெல்லிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அப்பறம் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே அரசாங்கம் பண்ண ஆரம்பிச்சுது. டெல்லியிலேர்ந்து சென்னைக்கு வந்த வசதி, விக்கிரவாண்டியத் தாண்டி இந்தப் பக்கம் வர்றதுக்கு என்னா தடை?

இப்ப நான் கேக்குறத தெளிவாச் சொல்லிடுறேன்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல, 1950கள் கடைசியிலேர்ந்து டெல்டாவோட பெரிய ஆஸ்பத்திரி அது, திடீர்னு கல்லீரல் நின்னவங்களுக்குன்னு தனியா நாலு பெட்டாவது ஒதுக்குங்க. ராத்திரியிலயும் அம்மோனியா, ஐஎன்ஆர் பாக்குற லேபு, பிளாஸ்மா மாத்துற மிஷினு, அத ஓட்டுற ஆளு, கல்லீரல் டாக்டர் ஒருத்தர். மாற்று அறுவை நாளைக்கே இங்க பண்ணுங்கன்னு கேக்கல, அதுக்கு வருஷமாவும்னு தெரியும். அதுவரைக்கும் ஆள தாங்கிப் புடிக்கிற எடம் இங்க இருக்கணும். திருவாரூர், நாகப்பட்டினம் மெடிக்கல் காலேஜுங்களும் மயிலாடுதுறை ஆஸ்பத்திரியும் அவங்களோட 24 மணி நேரமும் போன்ல பேசுற மாதிரி ஒரே ஒரு நம்பர் வைங்க. புத்தி தடுமாறுற மஞ்சக்காமால நோயாளி யாரு வந்தாலும் மொதல்ல ஐஎன்ஆர், அப்புறம் அந்த நம்பர், அதுக்கப்புறம்தான் குடிச்சாரா குடிக்கலையான்னு விசாரண.

மேல் சிகிச்சைக்கு அனுப்புற சீட்டுல அனுப்புறவரு பேரு, வாங்கிக்கிறவரு பேரு, பெட் நம்பர், எடுத்த டெஸ்ட்டோட ரிசல்ட்டு நாலும் இல்லாம நோயாளிய வண்டியில ஏத்தக்கூடாதுன்னு உத்தரவு போடுங்க. ஏத்துற வண்டியில வெண்டிலேட்டர் ஓட்டத் தெரிஞ்ச ஆளு இருக்கணும், மணிக்கு ஒருதடவ சுகர் பாத்து எழுதுற தாள் இருக்கணும். தனியார் வண்டிக்கும் இதே விதி, வாடகையும் நீங்களே நிர்ணயம் பண்ணுங்க.

மாற்றுக்கு காத்திருக்குற நாளோட ஐசியூ, பிளாஸ்மா, தானம் குடுக்க வர்றவங்களோட டெஸ்ட்டு, எல்லாத்தையும் காப்பீட்டுல எழுத்துல சேருங்க, ராத்திரியிலயும் ஒப்புதல் குடுக்குற ஆளப் போடுங்க. அவசரப் பட்டியல்ல பேரு ஏறுன குடும்பத்துக்கு சொந்தச் சான்று குடுக்குறதுக்கு சனி ஞாயிறும் கையெழுத்துப் போட ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு வருவாய் அதிகாரிய நியமிங்க. அங்கீகாரக் குழு இந்த மாதிரி நோயாளிக்கு அன்னைக்கே கூடணும், வீடியோவுலயாவது. வெளியூர்லேர்ந்து வர்றவங்க தங்குறதுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு கூரை, குளிக்க ஒரு எடம், இதுக்கு உத்தரவு கூட வேணாம், மனசு இருந்தாப் போதும்.

எலி பேஸ்ட் விக்கிற கடைய ஒரு நாள் ரெய்டு வந்து போட்டோ எடுத்துட்டுப் போறதோட விடாதீங்க, ஆன்லைன்ல விக்கிறதயும் புடிங்க. சாப்டவங்க யாரா இருந்தாலும் நல்லா பேசுறாங்கன்னு வீட்டுக்கு அனுப்பாம கூடவே சில நாள் வச்சிருந்து தெனமும் ரத்தம் பாக்கணும்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதுங்க, மனநல ஆலோசகரும் அவங்களோட பேசணும். 104, 14416 ரெண்டு நம்பரும் பள்ளிக்கூடத்துலயும் காலேஜுலயும் உரக்கடையிலயும் கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும், மனசு ஒடஞ்சவங்க ராத்திரி எத்தன மணிக்கும் பேசலாம்னு எழுதி.

கடைசியா தண்ணி. என் தம்பிக்கு வந்தது தண்ணியில வர்ற கிருமி, அதே மாசம் எங்க தெருவுல புள்ளைங்களுக்கும் மஞ்சக்காமால. ஆஸ்பத்திரியில ஹெபடைட்டிஸ்னு எழுதுன பேப்பர் எங்ககிட்ட இருக்கு, ஆனா இன்னைக்கி வரைக்கும் எங்க தெருவுக்கு வந்து தண்ணி எடுத்துப் பாத்தவங்க யாரும் இல்ல. இந்த வியாதி ஒருத்தருக்கு உறுதியானா அந்தத் தெருத் தண்ணிய ஒடனே பரிசோதன பண்ணணும், குளோரின் போடணும், ரிசல்ட்ட ஊராட்சி போர்டுல ஒட்டணும். எங்க குடிதண்ணி பைப்பு சாக்கடைக்குள்ள பூந்து வர்ற எடம் பிள்ளையார் கோயில் முக்குல இன்னும் அப்படியேதான் இருக்கு, அத இந்த வாரமே ஆள் அனுப்பிச் சரி பண்ணுங்க.

இப்படிக்கு,
ஒரு நோயாளியோட அக்கா
மன்னார்குடி பக்கம், திருவாரூர் மாவட்டம்